அண்ணாவியார் ஏன் பின்னுக்கு நிற்கிறார்?

அப்பா கூத்து அண்ணாவியார்; கூத்தைப் பழக்கி முன்னின்று நடத்துபவர். மட்டக்களப்பின் கன்னன்குடாவில் வடமோடிக் கூத்துப் பழக்கியவர். இப்போது 76 வயது. மத்தளத்தைப் பரணில் ஏற்றிவிட்டார், ஆனால் விரல்கள் கதிரைக் கையில் சும்மா இராது. சாக்சபோன் என்றால் அவருக்குக் கத்ரி கோபால்நாத் மட்டும்தான்.

போன மாரியில் ஒரு பின்னேரம். மழை விட்டபாடில்லை. ஜாஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தைப் போட்டேன். 1958 மார்ச் 9இல், நியூ ஜெர்ஸியில் ஒரே நாளில் பதிந்தது.

"இதில அண்ணாவியார் ஆரு மனே?"

"சாக்சபோன்காரர் அப்பா. மட்டையில அவர்ர பேர்தான் முதல்ல."

'ஆட்டம் லீவ்ஸ்' தொடங்கியது. மெட்டைச் சொல்வது மைல்ஸ் டேவிஸின் வாய் அடைத்த ட்ரம்பெட். ஆடர்லியின் ஆல்டோ சாக்சபோன் தனியாக வாய் திறக்கக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகிறது.

"அண்ணாவியார் ஏன் பின்னால நிக்கான்?"

சிரிப்பு வந்துவிட்டது. ஆடர்லி அந்த நாட்களில் மைல்ஸின் குழுவில் வாசித்தவர். இந்த ஒரு பதிவுக்குத்தான் மைல்ஸ் அவருக்குக் கீழே வந்தார். ஆடர்லி அதற்கு முன் புளோரிடாவில் பள்ளிக்கூடப் பேண்ட் பழக்கிய வாத்தியார். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஆல்டோ வந்துவிட்டது. கொழுத்த, சிரித்த முகமான சத்தம். ப்ளூஸும் தேவாலயப் பாட்டும் ஊறியது. ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியை விளக்க எனக்கு இதைவிட வழி தெரியாது.

அப்பாவின் விரல்கள் ஓடத் தொடங்கின. "மத்தளக்காரன் அடக்கி வாசிக்கான், பாத்தியா?" ஆர்ட் பிளேக்கி! இடிபோல் அடிப்பதற்குப் பெயர்போன மனுஷன் அங்கே உரசிக்கொண்டிருக்கிறார்.

ஆல்பத்தின் பெயரைக் கொண்ட பாட்டு வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ட்ரம்பெட் ஒரு வரி சொல்ல, ஆல்டோ பதில் சொல்கிறது.

"பிற்பாட்டு!" என்றார்.

அடுத்த பாட்டின் முடிவில், தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனிடம் "நீங்கள் கேட்டது இதுதானா?" என்று மைல்ஸ் கரகரத்த குரலில் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. அதைச் சொன்னதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அதை அண்ணாவியாரெல்லோ கேக்கணும்?"

கடைசிப் பாட்டில் ட்ரம்பெட்டே இல்லை, முழுக்க ஆடர்லிதான். சரி, இதையாவது ரசிப்பார் என்று திரும்பினேன். அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார்.

"மங்களம் பாடத் தொடங்கிட்டான். நான் மாட்டைப் பாத்துட்டு வாறன்."