ஐந்தரை மணி நேரம்

"பழசையும் ஒரு ஓரமா வச்சிருங்களேன் தம்பி."

புதுவயல் அரிசி ஆலையில் ஆறு புதிய கணினிகளை நான் இறக்கிய அன்று கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டது இது ஒன்றுதான். பழசு என்றால் விண்டோஸ், புதுசு என்றால் டெபியன் 13, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில் ஒரு வகை. முடியாது என்றேன். ஏன் என்றார். ரெண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் கடிகாரம் தப்பாகும் என்றேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

கடிகார விஷயம் இதுதான். மதர்போர்டில் பேட்டரியை வைத்து ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளும். திரைக்கு வரும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எண்ணி அப்படியே படிக்கும். லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தால் மணி ஐந்தரை பின்னால் நிற்கும். கடைகண்ணியில் இதைப் பகலிலேயே பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஆலைக்கு நெல் லாரி வருவதோ விடியற்காலையில். 4:50-க்கு எடைமேடை ஏறிய வண்டிக்கு முந்தைய நாள் இரவு 11:20 என்று சீட்டு விழும். தேதியே மாறிப்போகும். கொள்முதல் பதிவும் லாரி வாடகையும் ஒன்றோடொன்று ஒத்துவராது. எதிர்த்திசையிலும் அதே கூத்துதான்: விண்டோஸ் எழுதிவைத்த உள்ளூர் நேரத்தை லினக்ஸ் கிரீன்விச் என்று எடுத்துக்கொண்டால் மாலை 6:30-க்கே மறுநாள் பிறந்துவிடும்.

அண்ணனிடம் இந்த 4:50 கணக்கைத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது. சீட்டில் தேதி தப்பினால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

சொல்லாதது: லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதை அடித்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே பேட்டரிக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளும், பிறகு சண்டை இல்லை. அடித்ததும் இப்படிச் செய்வது சரியல்ல என்று அதுவே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணி என்று முள்ளை நகர்த்தும் நாடுகளுக்கானது. நமக்கு வருடம் முழுக்க அதே ஐந்தரைதான். போதாக்குறைக்கு, அண்ணன் கேட்டது தன் மேஜைக் கணினிக்கு. நான் காட்டிய பயம் வாசலில் இருக்கும் எடைமேடைக் கணினியுடையது. அவர் மேஜையில் இணையம் இருந்தது. நேரம் தப்பினாலும் கொஞ்ச நேரத்தில் தானே திருந்தியிருக்கும்.

மறுத்ததற்கு உண்மைக் காரணம் வேறு. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. சர்வீஸுக்கு வந்த மடிக்கணினிகளில் அதை யாரும் திறந்து பார்த்த தடயமே இருக்காது. ஓரமாக வைத்தது ஓரமாகவே கிடந்தது. ஆறு கணினியிலும் இரண்டு வழி வைத்திருந்தால் ஒரு மாதத்தில் ஆறும் பழைய வழிக்கே போயிருக்கும். இதை அண்ணனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். "நீங்க பழசுக்கே போயிருவீங்க" என்று வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது? கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மற்றபடி வேலை சுத்தம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆலையில் இருந்த பழைய பெட்டிகள் இண்டெலின் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எப்படியும் புதிதாக வாங்கியாக வேண்டிய நேரம். மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும்போதே தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று முடிவு. இண்டெலின் உள் கிராஃபிக்ஸுக்கு டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு முறையில் வந்தால் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் போகலாம்; முதல் வேலையாக ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றிவிட வேண்டும். பலர் இங்கேதான் "லினக்ஸ் ஏறவில்லை" என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எடைமேடையில் யுஎஸ்பி மாற்றி வயரே வைக்கவில்லை. காம் போர்ட் என்ற பழைய சீரியல் இணைப்பு உள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்கி, பின்பக்கத்துக்கு இழுத்துவிட்டோம். மாற்றி வயர் ஒருமுறை ஆடினால் போதும், பூஜ்யம் என்றிருந்த போர்ட் எண் ஒன்று ஆகிவிடும், எடை வராது. அங்கே உட்காருபவரின் பயனர் பெயரை, அந்தப் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயலவுட் குழுவில் சேர்க்க மறந்தாலும் இதே கதைதான்: போர்ட் திறக்காது, திரையில் எடை 0 என்று நிற்கும், பழி மேடையின் மேல் விழும். எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வரும் வயரைப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆபீஸ் இருப்பது பழைய வீட்டு முகப்பில். அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வராது. அதனால் எடை லேன் வயரில்தான் ஆபீஸுக்கு வருகிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குச் சீட்டைப் படமாக அனுப்பாமல் வெறும் எழுத்தாக அனுப்பினோம். படமாக அனுப்பினால் ஊசி ஊர்ந்து ஊர்ந்து அடிக்கும். கார்பன் தாளின் மூன்றாம் நகலில் ஒன்றும் தெரியாது. இத்தனையும் முதல் நாளிலிருந்து ஓடுகிறது.

இடறியது கணக்கு மென்பொருளான டாலி. அதற்கு விண்டோஸ் வேண்டும், ஓர் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். அந்த விண்டோஸை டிஸ்க்கில் தனி பார்ட்டிஷனில் வைப்பதா, லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் விர்ச்சுவல் மிஷினாக வைப்பதா என்பதுதான் அன்றைய கேள்வி. அண்ணன் கேட்டது முதலாவது, நான் செய்தது இரண்டாவது. 16 ஜிபியில் 8 ஜிபியை அதற்கு ஒதுக்கினேன். பிரிண்டரை யுஎஸ்பி வழியாக உள்ளே தள்ளிவிட்டால் வெளியே இருக்கும் லினக்ஸுக்கு அது காணாமல் போய்விடும் என்பதால், லினக்ஸிலிருந்து நெட்வொர்க் பிரிண்டராகப் பகிர்ந்தேன். எல்லாம் யோசித்தேன், ஆல்ட் எஃப்2-ஐத் தவிர.

டாலியில் கால அளவை மாற்ற ஆல்ட் எஃப்2. டெபியனில் நான் போட்ட எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் அதே இரண்டு விசைகள், ஒரு நிரலின் பெயரைக் கேட்கும் சின்னப் பெட்டியைத் திறக்கும். விர்ச்சுவல் மிஷினின் ஜன்னல் விசைப்பலகையைப் பிடித்து வைத்திருக்கும்வரை சிக்கல் இல்லை. கை தவறி வெளியே ஒருமுறை சொடுக்கிவிட்டால் பிடி விட்டுப்போகும். மவுஸையே தொடாமல் இருபது வருடம் டாலி அடித்த கை அது. ஆல்ட் எஃப்2 அழுத்தி, திரையைப் பார்க்காமலேயே 1-4-25 என்று அடித்து, என்டரும் தட்டிவிடும். அப்படி ஒரு நிரல் இல்லை என்று லினக்ஸ் பதில் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை முறை இது நடந்ததோ தெரியாது. அண்ணன் ஒரு போன்கூடப் போடவில்லை. டெஸ்க்டாப்பின் குறுக்குவிசையை நீக்க அரை நிமிடம் போதும்.

மாசியில் லேன் வேலையாகப் போனபோதுதான் அவர் மானிட்டருக்குப் பின்னால் இரண்டு வயர் போவதைக் கவனித்தேன். எச்டிஎம்ஐயில் புதுசு. விஜிஏவில் வந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே குனிந்தால், மேஜைக்கு அடியில் ஆத்தங்குடிக் கல்லின் மேல், பழைய கேபினெட் ஒன்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது. பழைய கீபோர்டு பேரேட்டுக்கு அடியில். அக்டோபருக்குப் பிறகு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் போகாத விண்டோஸ் 10, லேனும் செருகியபடி. பதிவெல்லாம் அதில்தான், மாலையில் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் ஏற்றிவிடுவாராம், முதலாளி பார்ப்பதற்கு.

"ஒரு ஓரமா இருக்கட்டும்னு…" என்றார். கோபமோ கூச்சமோ இல்லாமல், கேட்ட அதே குரலில்.

அன்று கேட்டதைச் செய்திருந்தால் இந்தப் பெட்டி இங்கே இருந்திருக்காது. புதுப்பிப்புகள் வரும் விண்டோஸ் 11-ஐத்தான் திறந்திருப்பார். இன்னொரு பக்கம், அப்படி வைத்திருந்தால் மற்ற ஐந்து பேரும் தங்களுக்கும் வேண்டும் என்று நின்றிருப்பார்கள். அந்த ஐந்து பேரும் இன்று டெபியனில் முனகாமல் வேலை பார்க்கிறார்கள். ஒருவரைத் தோற்கவிட்டு ஐவரை ஜெயித்தோம் என்று கணக்குப் போடலாம். அந்த ஒருவர்தான் ஆலையின் முழுக் கணக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தக் கணக்கு இடிக்கிறது.

பழைய பெட்டியின் வலது மூலையைப் பார்த்தேன், மணி சரியாக இருந்தது. "டெய்லி காலையில நான்தான் வைப்பேன் தம்பி" என்றார். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருக்கிறது. தினமும் திறந்தால் 2016 ஜனவரி 1 என்று நிற்கும். பேங்க் தளம் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும். இவர் செல்லைப் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் திருத்துவார். கடிகாரம் தப்பும் என்று நான் பயமுறுத்தியது இவரைத்தான்.

பையில் ஒரு பேட்டரி இருந்தது. பவர் வயரைக் கழற்றி, கேபினெட்டைத் திறந்து மாற்றி, பயாஸில் நேரம் வைத்தேன். செல்லோடு ஒத்துப்பார்த்துக்கொண்டார். புதியதில் ஆல்ட் எஃப்2-ஐயும் விடுவித்துக் காட்டினேன். பழையதன் லேன் வயரை மட்டும் கழற்றிவிடுங்கள், பேங்க் வேலையைப் புதியதில் பாருங்கள் என்றேன். இந்த முறை காரணத்தை முழுதாகச் சொன்னேன். "சரி தம்பி" என்றார். கழற்றினாரா என்று கேட்டுப் போன் செய்ய இன்னும் கை வரவில்லை.