வீட்டு வரி ரசீதும் குழந்தைகளின் புத்தகங்களும்

சென்ற அரையாண்டுக்கான வீட்டு வரியைக் கட்டிவிட்டு வந்து ரசீதைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதான என் மகள் அதை வாங்கி முழுவதும் படித்துவிட்டு, சொத்து வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை தனியாக அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி, "நாம நூலகத்துக்குப் பணம் கட்டுறோமாப்பா?" என்று கேட்டாள். கட்டத்தான் செய்கிறோம். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா என்ற கணக்கில் நூலக வரி வசூலிக்கப்பட்டு, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் மாத வாடகையின் வழியாக இதில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்கள். பால் கணக்கையும் மின் கட்டணத்தையும் பைசா சுத்தமாகச் சரிபார்க்கும் குடும்பங்கள்கூட, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் வருவது இந்த ஓர் இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன் என்பதால் முதலில் கணக்கையே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இளையவனுக்கு நான்கு வயது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு புத்தகங்கள் என்ற அளவில் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வருகிறோம். ஆண்டுக்கு அது 104 புத்தகங்கள். வண்ணப் படங்களோடு கூடிய ஒரு சிறுவர் புத்தகத்தைச் சராசரியாக 100 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 10,400 ரூபாய் ஆகிறது. நூலகத்தில் நாங்கள் கொடுத்ததோ உறுப்பினராகும்போது கட்டிய சிறு காப்புத்தொகையும், ஒரு வேளை காப்பிச் செலவுக்குள் அடங்கும் ஆண்டுச் சந்தாவும்தான். காப்புத்தொகையும் உறுப்பினர் நிலையிலிருந்து விலகும்போது திரும்பக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் நான் நூலகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தது மிச்சமாகும் பணத்துக்காக மட்டும் அன்று. பணத்தைப் பற்றிய கவலை, புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழந்தையின் கையை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதை நானே செய்து, நானே பார்த்து வருந்தியதற்காக. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். மகள் பாம்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். விலையைத் திருப்பிப் பார்த்தேன். மனத்துக்குள் மாதக் கடைசி ஓடியது. "இதை ஒரு நாளில் பார்த்து முடித்துவிடுவாய், இதோ இது பள்ளிக்கும் உதவும்" என்று சொல்லி, பொது அறிவுக் கேள்வி பதில் தொகுப்பு ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். அவள் மறுத்து எதுவும் சொல்லவில்லை. அந்தத் தொகுப்பு இன்றும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கொடுத்த பணமும் வீண், அன்று பாம்புகளின் மேல் அவளுக்கு இருந்த ஆசையும் போயிற்று.

குறைந்த வருமானமுள்ள பெற்றோர் பலரும் இப்படித்தான் செய்கிறோம். செலவழிக்கும் நூறு ரூபாய்க்குப் பயன் தெரிய வேண்டும் என்று நினைப்பதால், குழந்தையின் விருப்பத்தைவிட நம்முடைய அச்சமே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்தது பிடிக்காமல் போனால் "காசு கொடுத்து வாங்கியது, படி" என்ற அதட்டல் வேறு. வாசிப்பு ஒரு கடனாக மாறுவது அந்த இடத்தில்தான். நூலகத்தில் இந்த நெருக்கடி இல்லை. இளையவன் ஒரே வாரத்தில் மூன்று லாரிப் படப் புத்தகங்களை எடுக்கலாம். அவற்றுள் இரண்டை முதல் பக்கத்திலேயே மூடிவிடலாம். மூன்றாவதைப் பதினைந்து இரவுகள் தொடர்ந்து படித்துக் காட்டச் சொல்லலாம். எதற்கும் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பழகாத குழந்தைக்கு எது வேண்டும் என்றும் தெரியாது. அப்படிச் சொல்லிப் பழகுவதற்கான செலவை ஏழைக் குடும்பம் தாங்க வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிறது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதாக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்றும், மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்றும் கூறினார். நான்கு வயது வாசகரையும் அவர் விலக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பொது நூலகங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. நம் ரசீதில் இருக்கும் அந்த ஒற்றை வரிக்கும் அதுவே தாய். அரசு மனம் வைத்தால் பணம் தரும் என்று விட்டுவிடாமல், வீடு உள்ளவரிடமிருந்து சிறு தொகை தானாக வந்து சேரும்படி அன்று செய்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

பலர் தயங்குவது புத்தகம் கிழிந்துவிடுமோ, தொலைந்துவிடுமோ என்றுதான். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. இளையவன் ஒரு யானைப் படத்துக்கு வண்ணப் பென்சிலால் செருப்பு வரைந்துவிட்டான். மகள் அழுதேவிட்டாள். மறுநாள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய் நூலகரிடம் நானே காட்டினேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அழிப்பானை எடுத்து மகனிடமே கொடுத்து அழிக்கச் சொன்னார். தொலைந்துபோனால் அதே புத்தகத்தை வாங்கித் தரலாம் அல்லது உரிய தொகையைக் கட்டிவிடலாம் என்றும் விளக்கினார். தேதி தாண்டினால் சிறு தொகை தாமதக் கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க, புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் முத்திரையிட்ட தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடும் வேலையை மகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். பிறர் பொருளைத் திருப்பித் தரும் பழக்கத்துக்கு இதைவிட எளிய பயிற்சியை நான் அறியேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிளை நூலகங்கள் பலவற்றில் நாளிதழ் வாசிக்கும் பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் நிறைந்திருக்க, சிறுவர் நூல்கள் ஓர் அலமாரியின் மேல்தட்டில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. சத்தம் போடக் கூடாது என்ற அச்சத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் தயங்குகிறார்கள். ஆனால், குழந்தைகள் வராத நூலகத்தில் குழந்தைகளுக்கான தட்டு கீழே இறங்காது. நாங்கள் தவறாமல் போகத் தொடங்கிய சில மாதங்களில், கேட்டுக்கொண்டதன்பேரில், நூலகர் சிறுவர் நூல்களைத் தரைத்தட்டுக்கு மாற்றிவைத்தார். புத்தகங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து மொத்தமாக வாங்கி அனுப்பப்படுபவை என்றாலும், வேண்டிய நூல்களை எழுதிக் கொடுத்தால் கவனிக்கிறார்கள். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பெற்றோர் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே விடுமுறை நாளில் ஒரு கதை சொல்லும் நிகழ்ச்சியை நடத்திவிட முடிகிறது.

வசதி இருக்கும்போது பெரிய நூலகங்களுக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. மதுரையில் நுழைந்தபோது என் மகன், இத்தனையும் யாருடையது என்று கேட்டான். நம் எல்லோருடையதும் என்றாள் அக்கா. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை போகும் மாளிகையைவிட, மாலையில் நடந்து போய்வரக்கூடிய கிளை நூலகத்தையே நான் உயர்வாகச் சொல்வேன்.

உறுப்பினராக எங்களிடம் கேட்டவை ஆதார் அட்டையின் நகலும் நிரப்பிய விண்ணப்பமும்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பதால், நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மகள் இப்போது தன் பெயரிலேயே ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அதில் அவள் முதலில் எடுத்தது பாம்புகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகம். அட்டை கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. தவணை முடிந்தபோது அதையே மறுபடியும் பதிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.