மூன்றாவது ரீடிங்

அக்டோபர் 9

கேட்டுவிட்டேன், கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம். பெல் அடித்தபின், எல்லாரும் வெளியே போகும்வரை பையில் எதையோ தேடுவதுபோல் நடித்துவிட்டு. கெமிஸ்ட்ரி டீச்சர் தலையைத் தூக்காமலே, "எழுதறேன். நான் பார்த்ததை எழுதறேன்" என்றார்.

நல்லா எழுதறேன் என்று சொல்லவில்லை. பார்த்ததை. எதைப் பார்த்தார்?

அக்டோபர் 11

காமன் ஆப்பில், அதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் தளத்தில், இரண்டு வட்டம். பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், விட்டுக்கொடுக்கவில்லை. "முதல் வட்டம், யோசிக்காதே" என்றார் கவுன்சலர். இரண்டாவதைத் தொட்டால் சில டீச்சர்கள் எழுதவே மாட்டார்களாம். எழுதினாலும் அட்மிஷன் ஆபீஸில் அதை அரை மனதோடுதான் படிப்பார்களாம். சட்டமோ, இதைக் கட்டாயப்படுத்தக்கூடாது, அட்மிஷனுக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்கிறது. விருப்பம்தான். விருப்பப்பட்டே ஆகவேண்டிய விருப்பம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உன்னைப் பத்தித்தானே எழுதறாங்க? நீ படிக்கமாட்டேன்னு நீயே கையெழுத்துப் போடணுமா?"

ஆமாம்மா.

"நல்லா இருக்கு கதை."

அக்டோபர் 12

முதல் வட்டம்.

அக்டோபர் 19

தூக்கம் வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஃபெர்பாவை, மாணவர் கோப்புகளைப் பற்றிய அந்த அமெரிக்கச் சட்டத்தை, படித்துக்கொண்டிருக்கிறேன், என்னைப்போல் உருப்படாதவள் யாராவது இருப்பாளா தெரியவில்லை. நியூயார்க் செனட்டர் பக்லி கொண்டுவந்தது, 1974 ஆகஸ்டில் அதிபர் ஃபோர்டு கையெழுத்துப் போட்டது. கோப்பில் என்ன இருக்கிறது என்று பெற்றோரும் மாணவரும் பார்க்கலாம். அந்த வருடம் முடிவதற்குள், டிசம்பர் 31 அன்று, திருத்திவிட்டார்கள். 1975 ஜனவரி 1க்கு முன்னால் ரகசியம் என்று நம்பி எழுதிய கடிதங்களைத் திறக்கவேண்டியதில்லை. அதற்குப் பிறகு வரும் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவரே விட்டுக்கொடுக்கலாம். எழுதியவர்கள்மேல்தான் எவ்வளவு கரிசனம்!

18 வயதுவரை பள்ளிக் கோப்பைப் பார்க்கும் உரிமை அம்மா அப்பாவுடையது. இந்த விட்டுக்கொடுத்தலுக்கு மட்டும் வயது பார்ப்பதில்லை, என் கையெழுத்தே செல்லும்.

தூங்கவிடாதது அதுவல்ல. இரண்டாவது வட்டத்தைத் தொட்டிருந்தாலும், ஒரு கல்லூரியில் சேர்ந்தபிறகு, அங்கே கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான், கேட்டுப் பார்க்கலாம். என்னை எடுக்காத கல்லூரியிடம் கேட்க எனக்கு உரிமையே கிடையாது. கடிதம் எங்கே என்னைக் கவிழ்க்கவில்லையோ அங்கே மட்டும் கதவு திறக்கும். கவிழ்த்த இடத்தில் கதவே இல்லை. அப்படியென்றால் நான் விட்டுக்கொடுத்தது எதை?

அக்டோபர் 23

கெமிஸ்ட்ரி டீச்சர் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை.

அக்டோபர் 24

இன்னும்.

அக்டோபர் 27

தோழியின் ஹிஸ்டரி டீச்சர் கடிதத்தை அவளிடமே காட்டிவிட்டாராம். காட்டலாமாம்! நாம் கேட்டு வாங்கும் உரிமையைத்தான் விட்டிருக்கிறோம், அவர்களாகக் காட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒரே பக்கத்தில் 'பொறுப்பானவள்' மூன்று தடவை வருகிறதாம். அவளுக்கு அழுகை. "நான் அவ்வளவுதானா?"

எனக்கு ஒரு தடவை வந்தால் போதும்.

அக்டோபர் 28

லேபில் டைட்ரேஷன், சொட்டுச் சொட்டாக விட்டு அளவு பார்ப்பது. மூன்று தடவையும் ரீடிங் எடுத்தேன். மூன்றையும். அவர் என் மேசைப்பக்கம் வரவே இல்லை.

அக்டோபர் 30, இரவு 11:40

போய்விட்டது. பச்சை டிக்.

நவம்பர் 16

18 ஆகிவிட்டது. இன்றிலிருந்து என் கோப்பு என் உரிமை. அம்மாவிடம் சொன்னேன், "அப்போ இனிமே உன் மார்க்கை நான் பாக்கக்கூடாதா?" என்று சிரித்தாள்.

விட்டுக்கொடுத்ததை எழுத்தில் திரும்பப் பெறலாமாம். ஆனால் அதன்பிறகு நடப்பதற்குத்தான் அது பொருந்தும். நடந்தது நடந்ததுதான்.

கேக்கை முடித்துவிட்டுப் போன வருட லேப் நோட்டை எடுத்தேன். அதே டைட்ரேஷன், மூன்று ரீடிங்: 24.3, 24.4, 24.3. பக்கத்தில் அவர் போட்ட இனிஷியல் மற்ற பக்கங்களில் இருப்பதைவிடக் கோணலாக இருக்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாரோ.

டிசம்பர் 3

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இதே சட்டத்தை வைத்துத் தங்கள் அட்மிஷன் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். கேட்ட 45 நாளுக்குள் காட்டியாகவேண்டும். யார் என்ன மதிப்பெண் போட்டார்கள், ஓரத்தில் என்ன கிறுக்கினார்கள், எல்லாம். முதல் வட்டத்தைத் தொட்டவர்களுக்குக் கடிதங்கள் மட்டும் கிடையாது. அதன்பிறகு சில இடங்களில் அந்தக் குறிப்புகளையே அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்கக் கேட்டால் எரித்துவிடுவது. பிரமாதம்.

டிசம்பர் 15

முதலில் விண்ணப்பித்த கல்லூரியின் பதில்: டிஃபர். எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. மார்ச் கடைசிவரை இப்படியே.

பார்த்ததை எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 16

இல்லை. டிஃபர் ஆனவர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரா?

ஆனால் ஜனவரி 1க்குள் இன்னும் ஏழு இடங்களுக்கு அதே கடிதம். ஒரு முறை ஏற்றினால் எல்லாருக்கும் அதுதான். வேறு டீச்சரைக் கேட்கலாமா? ஏன் என்று இவர் கேட்டால் என்ன சொல்வேன்?

டிசம்பர் 18

எழுதிக் கொடுத்தவர்களுக்கு லீவுக்குமுன் நன்றி கார்டு தரவேண்டும். மற்ற இரண்டு பேருக்கும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். இவருக்கு மட்டும் சாயங்காலம் முழுக்க. நான் எழுதுவதை அவர் படிப்பாரே.

மொத்தம் நாலு வரி. மூன்றாவது வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு, புதுக் கார்டில் மறுபடி எழுதினேன்.

டிசம்பர் 19

கொடுத்துவிட்டேன். பிரிக்காமல் டிராயரில் போட்டுக்கொண்டார். வீட்டில் போய்ப் படிக்கிறேன் என்றார்.