குமிழி இருந்தா டேமேஜ் பீஸ் இல்லங்க

கொடைக்கானல்ல சின்னதா ஒரு கடை வச்சு பழைய கண்ணாடில செஞ்ச பூ ஜாடி, தொங்குவிளக்கு, டம்ளர் எல்லாம் விக்குறேன். உள்ள வர்றவங்கள்ல நிறைய பேர் ஒரு ஜாடியத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு மொதல்ல கேக்குறது "என்னக்கா, உள்ள குமிழி குமிழியா இருக்கு, டேமேஜ் பீஸா, கொறச்சுக் குடுப்பீங்களா"ன்னுதான். வெலை கொறச்சுக் கேக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல, ஆனா குமிழியக் காட்டிக் கேக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுது, ஏன்னா அந்த ஜாடிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் குமிழிதான்.

அது எப்படி வருதுன்னு சொல்றேன். ஒடஞ்ச பாட்டில் சில்ல கழுவி, கலர் வாரியா பிரிச்சு உலைல போடுறாங்க. சில்லுக்கும் சில்லுக்கும் நடுவுல காத்து இருக்கும்ல, கண்ணாடி உருகும்போது அது உள்ளயே மாட்டிக்கும், உருகின கண்ணாடி மலைத்தேன் மாதிரி கெட்டியா இருக்குறதால குமிழி மேல ஏறி வெளிய போறதுக்கு நிறைய நேரம் வேணும். பெரிய பாட்டில் ஃபேக்டரில 1500 டிகிரி பக்கம் சூடு வச்சு மணிக்கணக்கா காத்திருப்பாங்க, அதனால அங்க கண்ணாடி சுத்தமா வரும். கைத்தொழில் பண்றவங்க உலை சின்னது, அவ்வளவு சூட்ட அவ்வளவு நேரம் நிறுத்தி வச்சா எரிபொருள் செலவுக்கே எல்லாம் போயிடும், அதனால கொஞ்சம் குமிழி தங்கிடுது. தங்கட்டுமே.

அதுக்கப்புறம்தான் கைவேலை. நீளமான இரும்புக் குழல உலைக்குள்ள விட்டு சுத்தி சுத்தி ஒரு உருண்டை எடுத்து, இரும்புப் பலகை மேல உருட்டி, வாய் வச்சு லேசா ஊதி, மறுபடி சூடு காட்டி, மறுபடி ஊதி, நடுவுல குழல சுத்துறத ஒரு நொடி நிறுத்துனா கூட பொருள் ஒரு பக்கமா தொங்கிடும். அப்புறம் அடிப்பக்கம் ஒரு இரும்புக் கம்பிய ஒட்டி, குழல்ல இருந்து ஒடச்சு எடுத்து, வாய இடுக்கியால விரிக்கறாங்க. ஜாடிக்கு அடில விரல் வச்சுப் பாருங்க, சொரசொரன்னு ஒரு தழும்பு இருந்தா அது அந்தக் கம்பி இருந்த எடம் (சில பேர் தேச்சு வழுவழுப்பாக்கிடுவாங்க). முடிஞ்ச பொருள அப்படியே வெளிய வச்சா வெளிப்பக்கம் மொதல்ல இறுகி உள்பக்கம் இழுத்துக்கிட்டு ஒரு நாள் தானா வெடிச்சிடும், அதுக்காக 500 டிகிரிக்கு மேல இருக்குற இன்னொரு சூளைல வச்சு மெதுவா மெதுவா ஆற விடுறாங்க. இந்த ஊதுற வேலை 2000 வருஷத்துக்கு முன்னாடி சிரியா, பாலஸ்தீனம் பக்கம் ஆரம்பிச்சது, இன்னிக்கும் அதே குழல், அதே மூச்சுதான்.

என் கடைல இருக்குற ஊதின பொருள் எல்லாம் உத்தரப் பிரதேசத்துல ஃபிரோசாபாத்ல இருந்து வருது. வளையலுக்குப் பேர் போன ஊர். புகையால தாஜ்மஹால் பாழாகுதுன்னு போட்ட வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் அந்தப் பக்கத்து உலைங்க நிலக்கரிய விட்டு கேஸுக்கு மாற வேண்டி வந்துச்சு. மலைமேலயே உலை போட்டா என்னன்னு கேப்பாங்க. ராத்திரி பகல் அணைக்காம எரியணும்ங்க, இங்க இருக்குற காட்டுக்கு அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

ஆனா கண்ணாடிக்கும் நம்ம மலைக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனைக்காதீங்க. பழனிக்குப் பக்கத்துல, மலை அடிவாரத்துல பொருந்தல்னு ஒரு ஊர் இருக்கு. 2009, 2010ல புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து பேராசிரியர் கா. ராஜன் அங்க தோண்டினப்போ ஆயிரக்கணக்குல கண்ணாடி மணி கெடச்சுது, செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பழைய கண்ணாடி மணி எப்படி செஞ்சதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க கண்டுபிடிக்கறதே குமிழிய வச்சுத்தான். குழலா இழுத்து வெட்டின மணின்னா உள்ள இருக்குற குமிழி ஓட்டை போற பக்கமே நீளமா கெடக்கும், கம்பில சுத்தின மணின்னா ஓட்டையச் சுத்தி வளைஞ்சு கெடக்கும். கை எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமா குமிழியும் போயிருக்கு. நம்ம ஜாடிலயும் அதேதான், அடில உருண்டையா இருக்குற குமிழி கழுத்துப் பக்கம் இழுபட்டு நீண்டு போயிருக்கும். இத எப்படிங்க டேமேஜ்னு சொல்றது?

கலரும் அப்படித்தான், பச்சை ஜாடி பச்சை பாட்டில்ல இருந்து வந்தது, சாயம் எதுவும் சேக்கல.

இன்னொண்ணும் இருக்கு. வட்டக்கானல் பக்கம் நடந்தா பாதை ஓரம் ஒடஞ்ச பாட்டில் மின்னும். இங்க காட்டுமாடு ரோட்டுலயே நடக்குது, யானை நடக்குற காடும் கீழ இருக்கு, பாதத்துல சில்லு ஏறினா அதுங்க யார்கிட்ட போய் காட்டும். ஹைகோர்ட் சொன்னப்புறம் 2022 மே மாசம் நீலகிரில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்ற திட்டம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு. ரொம்ப நல்ல திட்டம். ஆனா ஜாம் பாட்டில், தேன் பாட்டில், சாஸ் பாட்டிலுக்கு 10 ரூபா குடுக்க யாரும் இல்ல, பழைய இரும்புக் கடைலயும் ஒடஞ்ச கண்ணாடிய வேண்டாம்னுடுறாங்க, கனம் ஜாஸ்தி காசு கம்மி. எத்தன தடவ உருக்கினாலும் தரம் கொறையாத ஒரு பொருள் இப்படி மண்ணுல கெடக்குறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அதனால அந்த பாட்டில்கள நானே வாங்கிக்கறேன். உருக்குறது இல்ல, வெட்டுறதுதான். கண்ணாடி வெட்டுற கட்டரால ஒரு கோடு, அது மேல சுடுதண்ணி, பச்சத்தண்ணி மாத்தி மாத்தி ஊத்துனா கோட்டுலயே விட்டுக்கும், அப்புறம் வாட்டர் பேப்பர் (ஈரத்துல தேய்க்கற உப்புத்தாள்) போட்டு நனைச்சு நனைச்சுத் தேய்க்கணும். காய்ஞ்சு தேய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கண்டிப்பா போடணும். வெட்டின பாட்டிலுக்குள்ள மெழுகுவத்தி வைக்க வேணாம், சூட்டுல விரிசல் விடும், சீரியல் லைட் போட்டா போதும்.

உங்ககிட்ட பாட்டில் இருந்தா கடைக்குக் கொண்டு வாங்க. லேபிள ஊற வச்சு உரிச்சு, கழுவிட்டு குடுத்தா எனக்கு பாதி வேலை மிச்சம். ஓவன்ல வைக்கற கண்ணாடி பாத்திரம் மட்டும் வேண்டாம், அதோட தயாரிப்பே வேற, நான் உருக்கறது இல்லன்னாலும் நாளைக்கு யாராவது அத பாட்டில் சில்லோட சேத்து உருக்குனா ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாம வெடிச்சிடும்.