கிட்னிக் கல்லோடு 19 நாட்கள்

எனக்குக் கல் வந்ததற்குக் காரணம் தண்ணீர் குடிக்காதது. தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக் கழிவறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போலக் காலையில் மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகும் ரீச்சர்மார் பலர் இதையேதான் செய்கிறார்கள். விடிய ஒரு பிளேன்டீ, அதோடு பின்னேரம் வீட்டுக்கு வரும்வரைக்கும் ஒன்றும் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை. எங்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பீப்பாயில் தண்ணீர் இருக்கிற நாளும் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வகுப்பறைக்குள் நின்று ஐந்து பாடம் எடுத்துவிட்டு வந்தால் மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

கல்லுக்கு முன்னால் இரண்டு வருடத்தில் மூன்று தரம் மூத்திர எரிவு வந்தது. மூன்று தரமும் பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டேன், எரிவு நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்தினேன். ஒரு தடவை கூட மூத்திரம் சோதிக்கவில்லை. கிருமி எதுவென்று பார்க்காமல் கண்ட அன்ரிபயோட்டிக்கைப் போட்டு இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று பிறகுதான் விளங்கியது. எரிவு வந்தால் முதலில் மூத்திரத்தைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று பார்க்கிற சோதனைக்குக் கொடுங்கள், தந்த குளிசையை முடியும்வரை போடுங்கள்.

ஆடி மாதம் ஒரு இரவு, ஒன்றரை மணி இருக்கும், வலது பக்க நாரியில் தொடங்கிய வலி அடிவயிற்றுக்கு இறங்கி தொடை வரைக்கும் இழுத்தது. படுக்க ஏலாது, இருக்க ஏலாது, எழும்பி நடந்தாலும் விடாது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், இப்படி ஒரு வலியைக் கண்டதில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்ததும் இவர் ஓட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே நின்ற நேர்ஸ் மிஸ் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: காய்ச்சல் இருக்கிறதா, குளிர் நடுக்கம் இருக்கிறதா? கல் வழியை அடைத்து, பின்னால் தேங்கிய மூத்திரத்தில் கிருமியும் இருந்தால் மணிக்கணக்கில் நிலைமை மோசமாகலாமாம். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஸ்கேனில் வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, மூத்திரக் குழாயில் சலப்பைக்கு (மூத்திரப்பைக்கு) கிட்ட 5 மில்லிமீற்றர் கல்.

டொக்டர் பயப்படுத்தவில்லை. இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கும், 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெரும்பாலும் உடைக்கவோ எடுக்கவோ வேண்டி வரும், நான்கு கிழமை பார்ப்போம் என்றார். குழாயைத் தளர்த்துகிற குளிசை, வலிக்குக் குளிசை, அப்புறம் தேயிலை வடி ஒன்றைத் தனியாக வைத்து ஒவ்வொரு தடவையும் மூத்திரத்தை வடித்துப் பார்க்கச் சொன்னார்.

சரி, வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. மாமி பின்வளவில் குலை வெட்டிய வாழையைச் சாய்த்து, தண்டை உரித்து வைத்திருந்தா. வட்ட வட்டமாக அரியும்போது வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டுக் கறுக்காமல் வைத்து, பிறகு இடித்துப் பிழிந்து ஒரு தம்ளர் தந்தா. "மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிகா புள்ள, மறுகா கதைக்கலாம்." பக்கத்து வீட்டு அக்கா வேலியோரத்துத் தேங்காய்ப்பூக்கீரையை வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கொண்டுவந்தா, நம்மட கடைகளில் பொல்பலா என்று பக்கற்றில் விற்பதும் அதுதான். காத்தான்குடி ரீச்சர் பார்லி அவிக்கச் சொன்னா. நெருஞ்சி முள்ளுக் கசாயம் என்று ஒருவர், பிலிம்பிக்காய்ச் சாறு என்று இன்னொருவர். எல்லாருமே அன்பில்தான் சொன்னார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நான் ஒன்று செய்தேன். எல்லாவற்றையும் கொப்பி ஒற்றையில் எழுதி அடுத்த கிளினிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் நீட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன், அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். பார்லி, மல்லித் தண்ணீர், வாழைத்தண்டு எல்லாம் உங்களுக்குப் பரவாயில்லை, அதோடு சேர்ந்து உள்ளே போகிற தண்ணீர்தான் பாதி வேலையைச் செய்கிறது என்றார். கசாய வகைகளை நாள்கணக்கில் விடாமல், கடும் சாயமாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம், குடிப்பதாக இருந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்றார். பிலிம்பிக்காயை மட்டும் பேனையால் வெட்டினார். அதிலும் காமரங்காயிலும் ஒக்சலேற் என்ற உப்பு மிக அதிகம், சாறாகப் பிழிந்து நிறையக் குடித்தால் அது சிறுநீரகத்துக்குள்ளேயே படிந்துவிடும். கேரளாவில் பிலிம்பிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதான 10 பேரைப் பற்றி 2013இல் வைத்தியச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்களாம். எங்கள் வளவிலேயே அந்த மரம் காய்த்துக் கொட்டிக் கிடக்கிறது. மீன் கறிக்கு இரண்டு போடுவது வேறு, வெறும் வயிற்றில் தம்ளர் கணக்கில் குடிப்பது வேறு.

வலி இடையில் இரண்டு தரம் வந்தது, முதல் நாள் மாதிரி இல்லை. 19ஆம் நாள் காலையில் வடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பயறை விடக் கொஞ்சம் சின்னதாக, மண்ணிறத்தில், தொட்டால் முள்ளு முள்ளாகக் குத்தியது. கழுவிக் குளிசைப் போத்தலில் போட்டுக் கொடுத்தோம், கல்சியம் ஒக்சலேற் என்று முடிவு வந்தது. கல் வருகிறவர்களில் அதிகம் பேருக்கு இந்த வகைதானாம்.

கல்சியம் என்றதும் மாமி தயிர்ச் சட்டியை என் பக்கம் வராமல் தள்ளி வைத்தா. அது பிழை. சாப்பாட்டோடு சேர்ந்து போகும் பாலும் தயிரும் வயிற்றுக்குள்ளேயே ஒக்சலேற்றைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், தயிரை நிறுத்தினால்தான் அது இரத்தத்துக்கும் மூத்திரத்துக்கும் போகும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரை விடச் சொன்னால் நான் அழுதிருப்பேன், நல்ல வேளை, விடத் தேவையில்லை. ஒக்சலேற் கூடிய பசளியும் பீற்றூட்டும் தினமும் இல்லை, வைக்கிற அன்று கூடவே தயிர். ஐந்து பிளேன்டீ இரண்டாகி, அதில் ஒன்று பால் தேத்தண்ணியானது. கொரோனா காலத்தில் பழகி விடாமல் போட்டுக்கொண்டிருந்த 1000 மில்லிகிராம் விற்றமின் சி குளிசையையும் நிறுத்தினேன், அளவுக்கு மிஞ்சிய விற்றமின் சி உடம்பில் ஒக்சலேற்றாக மாறும்.

கஷ்டமாக இருந்தது உப்புத்தான். உப்புக் கூடினால் மூத்திரத்தில் கல்சியம் கூடும். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். வீட்டில் நான்கு பேர், காலையில் நான்கு கரண்டி உப்பைச் சின்னப் போத்தலில் அளந்து வைத்து, இதற்குள் சமைப்போம் என்று மாமியிடம் சொன்னேன். மத்தியானம் மீன் ஆணம், சோறு, சம்பல் முடியப் போத்தல் வெறுமை. இரவுக்கு ஒரு கிள்ளுக்கூட இல்லை! கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. மாமி அன்றைக்குப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாளிலிருந்து ஆணத்துக்குப் புளியும் மிளகும் கூட்டி உப்பைக் குறைத்தா. கருவாடு மாதத்தில் இரண்டு தரம், அதுவும் சுடுதண்ணீரில் ஊறவைத்து.

தண்ணீரை எத்தனை போத்தல் குடிக்கிறேன் என்று நான் இப்போது எண்ணுவதில்லை, மூத்திரம் நாளுக்கு 2½ லீற்றராவது போக வேண்டும் என்றார்கள், வைக்கோல் நிறத்துக்கு மேல் மஞ்சளாகாமல் பார்க்கிறேன். பின்னேரம் அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர், சீனியும் உப்பும் இல்லாமல். தேசிக்காயில் உள்ள சிற்றேற் கல் கட்டுவதைத் தடுக்கும்.

இப்போது பெரியம்மாவின் கதை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத வந்தேன். அவவுக்கு 63 வயது, நீரிழிவும் பிரஷரும் பல வருடமாக, இரத்தத்தில் கிரியேற்றினின் கூடி (சிறுநீரகம் பழுதாகிறது என்பதற்கு அடையாளம்) கிளினிக் போய்வருகிறா. எனக்குக் கல் விழுந்ததைக் கேட்டு, "புள்ளைக்குச் சரிவந்தது எனக்கும் சரிவரும்" என்று ஒருவருக்கும் சொல்லாமல் காலையில் செவ்விளநீர், பின்னேரம் வாழைத்தண்டுச் சாறு. மூன்று கிழமை. ஒரு நாள் கால் இரண்டும் துவண்டு, கதிரையில் இருந்து எழும்ப முடியவில்லை, நாடி மெல்ல மெல்ல அடித்தது. இரத்தத்தில் பொற்றாசியம் 6ஐத் தாண்டியிருந்தது, 5 வரைக்கும்தான் சரி. வார்டில் நான்கு நாள் வைத்து இறக்கினார்கள். இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொற்றாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் கூடுதல் பொற்றாசியத்தை மூத்திரத்தில் தள்ளிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது, இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்தலாம். எனக்கு மருந்தாக இருந்த அதே தம்ளர் அவவைக் கொண்டுபோயிருக்கும். என் வீட்டு வாழைத்தண்டு, எதற்கென்று கேட்காமல் நானே அரிந்து கொடுத்துவிட்டது. அந்த நான்கு நாளும் எனக்கு நித்திரை இல்லை.

கல் வேறு, கிட்னி பழுது வேறு. ஊரில் இரண்டையும் "கிட்னி வருத்தம்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம், அங்கேதான் பிழை நடக்கிறது. பெரியம்மாவுக்கு இப்போது மரக்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கிறோம். காமரங்காய் அறவே இல்லை, அதிலுள்ள நஞ்சு பழுதான சிறுநீரகத்தால் வெளியேறாமல் மூளையைத் தாக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதும் வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதில் போடுவது பொற்றாசியம். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலிக் குளிசையும் நிறுத்தம். தண்ணீருக்கும் அளவு உண்டு: ஒரு போத்தலில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறோம், அவ அதற்கு மேல் குடிப்பதில்லை. கேட்காமல் இளநீர் கொண்டுவருகிற சொந்தக்காரருக்கு நான்தான் வாசலில் வைத்து விளங்கப்படுத்துகிறேன்.

ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் எனக்கு இரண்டு சிறுநீரகமும் துப்புரவு, எரிவும் திரும்பவில்லை. பாதை ஏறுவதற்கு முன்னால் இரண்டு தம்ளர், துறைக்குக் கிட்ட அக்கா வீட்டில் ஒரு தரம் போய்விட்டு ஏறுகிறேன். பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் கதைத்து, நாங்கள் ஐந்து ரீச்சர்மார் காசு சேர்த்துக் கழிவறைக்குத் தாழ்ப்பாளும் வெளியே பூட்டும் போட்டோம், பீப்பாய் நிரப்ப முறை வைத்திருக்கிறோம். திறப்பு என் மேசை லாச்சியில். ஒன்பதாம் ஆண்டுப் பெண் பிள்ளைகள் இரண்டாம் பாடம் முடியக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்து கேட்பார்கள். இந்தத் தவணையில் கேட்பதும் இல்லை, லாச்சியைத் திறந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.