கெல்ஸ் மேட்டு நாட்குறிப்பு

11 ஜூலை 2024

அரசு கைகழுவிவிட்டது. இங்கிலாந்தின் இந்த வைட்ஹேவன் ஊரில் புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2022 டிசம்பர் 7 அன்று முந்தைய அரசு கொடுத்த அனுமதியில் சட்டப் பிழை இருக்கிறது என்று புதிய அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அனுமதியை எதிர்த்த வழக்கில் அடுத்த வாரம் சுரங்க நிறுவனம் மட்டும்தான் வாதாடும். பழைய சுரங்கத் தொழிலாளியான பெரியவரிடம் நான்தான் சொன்னேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

13 ஜூலை

பணி இல்லாத நாள். சுரங்கம் வரவிருக்கும் இடத்தின் வேலி வரை நடந்தேன். மார்ச்சன் ரசாயன ஆலை 2005இல் மூடியதிலிருந்து அந்த இடம் அப்படியே கிடக்கிறது. அடியில் ஆலைக்காக அன்ஹைட்ரைட் என்ற தாதுவை வெட்டிய பழைய சாய்வுப் பாதைகள் இருக்கின்றன. புதிய சுரங்கத்துக்கு அவைதான் வாசல். கரி இருப்பதோ ஐரிஷ் கடலின் அடியில். வெட்டிய கரியை நிலத்துக்கு அடியிலேயே கன்வேயரில் போ பெக் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் ரயிலில் ஏற்றுவது திட்டம். நான் நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவள். சுரங்கம் என்றால் எனக்கு வயலை விழுங்கும் திறந்த பள்ளம். இங்கே வரைபடத்தில் பார்த்தால் நிலம் அதிகம் போகவில்லை. யாருடைய வீடும் போகவில்லை. பார்க்கப் பார்க்க நல்ல திட்டமாகவே தோன்றுகிறது. ஆனால் வரைபடம் வேலியோடு முடிந்துவிடுகிறது. கரி அங்கே முடிவதில்லையே.

16 ஜூலை

லண்டனில் விசாரணை தொடங்கியது. இங்கே நாள் முழுக்கக் காற்று.

18 ஜூலை

தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை. பெரியவர் இருமிக்கொண்டே இருந்தார்.

24 ஜூலை

பெரியவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே செய்தித்தாள் நறுக்குகள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி. 2019 மார்ச்: கவுண்டி கவுன்சில் ஒருமனதாக அனுமதி. 2020 அக்டோபர்: திருத்திய திட்டத்துக்கு மறுபடியும் அனுமதி, 12க்கு 3. 2021 ஜனவரி: தலையிட மாட்டோம் என்றது மத்திய அரசு. அதே ஆண்டு மார்ச்: முடிவைத் தானே எடுப்பதாகப் பிடுங்கிக்கொண்டது. செப்டம்பரில் பொது விசாரணை. பிறகு 2022 டிசம்பர். முதல் நறுக்கு வந்தபோது பேரனுக்குப் பதினாறு வயதாம். 500 வேலை என்று போட்டிருந்த வரியின் கீழ் அவன் கோடு கிழித்து வைத்திருக்கிறான். இப்போது அவன் அபர்தீனில் எண்ணெய் மேடையில் இருக்கிறான்.

இதில் எனக்கு ஆறவே மாட்டாத கோபம் ஒன்று உண்டு. வேண்டாம் என்றால் முதல் வருடமே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வருடம் ஓர் ஊரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது பாவம்.

நானும் அந்தச் சுரங்கம் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

6 ஆகஸ்ட்

நாட்டில் பல ஊர்களில் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம். இரவுப் பணி முடிந்து யாரும் தனியாக நடந்து போக வேண்டாம் என்று வார்டில் சொன்னார்கள். பெரியவரின் மகள் காரில் கொண்டுவந்து விட்டாள்.

15 ஆகஸ்ட்

காலையில் அம்மா தொலைபேசியில் கொடியேற்றம், மிட்டாய் என்று பேசிக்கொண்டிருந்தாள். மாலையில் பெரியவர், இன்று வில்லியம் பிட் நாள் என்றார். வில்லியம் பிட் இங்கிருந்த பழைய சுரங்கம். எந்த வருடம் என்று கேட்டேன். 1947 என்றார்.

1947 ஆகஸ்ட் 15. அங்கே கொடி ஏறிய நாளில் இங்கே கடலுக்கடியில் வெடித்து 104 பேர் செத்திருக்கிறார்கள். மறுநாள் மூன்று பேர் மட்டும் உயிரோடு நடந்து வெளியே வந்தார்களாம். வெலிங்டன் பிட்டில் 1910இல் 136 பேர். இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஹேக் பிட்டை 1986இல் மூடியபோது அழுததாகவும் அவரே சொன்னார். தூசி நுரையீரலில் இறங்கியதும் அங்கேதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த ஒரு மூச்சுக்கே இளைத்தது.

29 ஆகஸ்ட்

தூக்கம் வரவில்லை. ஆண்டுக்கு 27.8 லட்சம் டன், எஃகுக்கான கரி. யாருடைய எஃகுக்கு? வேல்ஸின் போர்ட் டால்பட் எஃகு ஆலையில் ஓர் ஊதுலையை ஜூலையில் அணைத்தாயிற்று, அடுத்ததைச் செப்டம்பர் முடிவில் அணைக்கிறார்கள். கரியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு என்று முதலிலிருந்தே சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். அது எரியும் புகையை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? ஜூன் 20 அன்று சர்ரே எண்ணெய்க் கிணற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: எடுப்பதை எரித்தால் வரும் புகையையும் அனுமதிக்கு முன் மதிப்பிட வேண்டும். மறுபடி மறுபடி அந்த வேலிக்கே போய் நிற்கிறேன்.

7 செப்டம்பர்

பெரியவரை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். என் வார்டில்தான்.

13 செப்டம்பர்

அனுமதி ரத்து. நீதிபதி ஹோல்கேட். இங்கே வெட்டினால் அமெரிக்காவில் வெட்டுவது அந்த அளவு குறையும், மொத்தப் புகை அதிகரிக்காது என்ற வாதத்தை ஏற்று அனுமதி கொடுத்தது சட்டப்படி தவறு என்கிறது தீர்ப்பு. மருந்து அறையில் நின்று படித்தேன். நிம்மதியாக இருந்தது. உடனே அவமானமாகவும் இருந்தது, இருபது அடி தூரத்தில் அவர் படுத்திருந்தார்.

மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உனக்குச் சந்தோஷம்தானே?" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆமாம் என்றேன். தலையசைத்தார். "அந்த இடத்தை இனி யார் சுத்தம் செய்வார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

15 செப்டம்பர்

ஆக்சிஜனைக் கூட்டியிருக்கிறார்கள். பேரன் நாளை வருகிறான்.