உறையூர் வீட்டை விற்ற எட்டு மாதங்கள்

அப்பா காலமாகி மூன்றாண்டுகள் பூட்டிக் கிடந்த திருச்சி உறையூர் வீட்டை விற்றுவிடலாம் என்று நானும் கோவையில் இருக்கும் தங்கையும் 2024 ஜூனில் முடிவெடுத்தோம். 1,200 சதுர அடி மனை, 1988இல் கட்டிய வீடு, 2004இல் மாடியில் எடுத்த ஒற்றை அறை. வெள்ளையடித்துத் தரகரிடம் சொன்னால் ஆடி கழிந்ததும் கிரயம் முடிந்துவிடும் என்று நம்பினேன். பத்திரப்பதிவு நடந்தது 2025 பிப்ரவரியில்.

முதலில் கைவைத்தது வீட்டில்தான். அது பிசகு என்று பிறகு தெரிந்தது. சாமான்களை ஒழிக்க மூன்று நாள் ஆயிற்று. பித்தளை அண்டாவையும் அம்மாவின் தையல் மெஷினையும் தங்கை எடுத்துக்கொள்ள, மீதி காயலாங்கடைக்குப் போனது. இந்த வேலைக்கும் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யவும் 17,000 ரூபாய், மொட்டைமாடி ஒழுகலை அடைத்துத் தளம் போட 41,000 ரூபாய், உள்ளும் புறமும் பெயிண்ட் அடிக்க 88,000 ரூபாய் என மொத்தம் 1,46,000 ரூபாய் செலவாயிற்று. தளத்துக்குச் செலவழித்ததில் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் ஒழுகும் வீட்டைப் பார்க்க வருபவர் அண்ணாந்து பார்த்த உடனேயே விலையைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். பெயிண்ட் கூலிதான் வீண். கூடத்துச் சுவரில் ஓதம் முழுதாகக் காய்வதற்குள் அவசரப்பட்டு அடித்ததால், மூன்றே வாரத்தில் சாய்வு நாற்காலி இருந்த இடத்துக்குப் பின்னால் பழைய கறை அதே வடிவத்தில் மீண்டும் வந்து நின்றது. கடைசியில் வீட்டை வாங்கியவரோ, உட்சுவர்களை இடித்து மாற்றப்போவதாக முதல் நாளே சொன்னார். போதாக்குறைக்கு, பெயிண்ட் போன்ற பராமரிப்புச் செலவை மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரிக்கணக்கில், கழிக்க முடியாது என்று ஆடிட்டர் சொன்னபோது, இதை ஒரு மாதம் முன்பே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

உண்மையான தடை, சொத்தின் மீதான பழைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் இருந்தது. வீடு கட்ட அப்பா 1988இல் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கடன் 2001இலேயே முழுதாகத் தீர்ந்தது. மூலப் பத்திரமும் திரும்ப வந்து பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. பத்திரம் கைக்கு வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்றே அந்தக் காலத்தில் பலரும் நினைத்திருக்கிறார்கள். ஆகவே அரசுப் பதிவேட்டைப் பொறுத்தவரை எங்கள் வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது. சங்கத்தில் அந்தப் பேரேட்டைத் தேடியெடுக்க மூன்று முறை போனேன். செயலாளர் பொறுப்பிலிருந்தவர் மாறுதலாகிப் போக, புதியவர் கையெழுத்திடத் தயங்க, ஒருவழியாக அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்தபோது அக்டோபர் பிறந்துவிட்டது. செலவு சில ஆயிரம்தான். ஆனால் அதற்குள், ஜூலையில் விலை பேசி ஆவலோடு காத்திருந்த ஒருவர் வேறு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வாரிசுச் சான்றிதழில் இன்னொரு சிக்கல் இருந்தது. அப்பா உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சொத்தில் அவருடைய தாய்க்கும் பங்குண்டு என்பதால், பாட்டி அப்பாவுக்கு முன்பே காலமானதற்குச் சான்று வேண்டும் என்று கேட்டார் வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர். பாட்டி 1994இல் கிராமத்தில் இறந்தவர். பழைய பதிவேட்டிலிருந்து நகல் வாங்க இரண்டு நடை நடந்தேன். தங்கையின் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் என் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு விற்கும்படி சிலர் யோசனை சொன்னார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. இருவரும் சேர்ந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலே போதும். வீண் முத்திரைக் கட்டணமும் மிச்சம், வரிக்கணக்கும் இரண்டு பேர் பெயரில் பிரிந்து நிற்கும்.

விலை விஷயத்தில் 78 லட்சம் தருவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். அதில் 30 லட்சம் ரொக்கம், பத்திரத்தில் மீதிதான் காட்ட வேண்டும் என்றார். அவருக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் குறையும், எங்களுக்கு ஆதாய வரி குறையும் என்று தரகர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான தொகையையே அபராதமாக விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வரும் அபராதத்தில் தரகர் பங்கேற்கப் போவதில்லை. முழுத் தொகையும் வங்கி வழியாகத் தருவதாகச் சொன்னவருக்கு 72 லட்சத்துக்கே பேசி முடித்தோம். தரகர் இரண்டு சதவீதம் கேட்டு ஒன்றுக்கு இறங்கினார்: 72,000 ரூபாய். வாங்குபவரின் வங்கியிலிருந்து வந்த பொறியாளர் மாடி அறையின் முன் நின்று, பிளான் அப்ரூவல் காகிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த அறையைத் தம் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. வீட்டுவரி ரசீதில் அந்த அறை இருந்தது, அனுமதியில்தான் இல்லை. கடன் தொகை குறைந்ததால் வாங்குபவர் கைப்பணம் திரட்ட இன்னும் ஒரு மாதம் கேட்டார்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் வந்த அதிர்ச்சியை யாரும் எதிர்பார்க்கவில்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது விற்பவரின் வருமானவரியில் ஒரு பகுதியை, விலையிலேயே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஆளுக்கு 36 லட்சம்தானே, எங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்திருந்தேன். 2024 அக்டோபர் 1 முதல் விற்பவர்கள் எத்தனை பேரானாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அது பரவாயில்லை, வரிக்கணக்கில் கழிந்துவிடும் தொகைதான். ஆனால் தங்கையின் பான் எண் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தது. அந்த நிலையில் அவள் பங்கிலிருந்து 36,000 ரூபாய்க்குப் பதில் 20 சதவீதம், அதாவது 7,20,000 ரூபாய் பிடிக்க வேண்டியிருக்கும். “அண்ணா, நான் எப்பவோ லிங்க் பண்ணிட்டேன்னு நெனச்சேனே” என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள். அபராதம் 1,000 ரூபாய்தான். எண் உயிர் பெறும்வரை அட்வான்ஸை நிறுத்தி வைத்தோம்.

இனி ஆதாய வரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அடக்கவிலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் குறியீட்டுச் சலுகையை நீக்கி, வரியை 12.5 சதவீதமாக்கியதாக அறிவித்த அன்று, பழைய வீடு வைத்திருந்த எல்லோரையும் போல நானும் திகைத்தேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் திருத்தம் வந்தது: அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய முறை, குறியீடின்றி 12.5 சதவீதம் என்ற புதிய முறை இரண்டிலும் கணக்கிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன் வாங்கிய சொத்தாதலால், அதன் அடக்கவிலையாக 2001 ஏப்ரல் 1ஆம் தேதிச் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒன்பது லட்சம் என்று சான்று கொடுத்தார்.

மாடி அறைக்கு 2004இல் ஆன 2,10,000 ரூபாயை நிரூபிக்க உதவியது அப்பாவின் நீல அட்டை நோட்டு. கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, மணல் லோடு, சிமெண்டு மூட்டை எல்லாம் தேதிவாரியாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டல் போட்டு, கீழே இரட்டைக் கோடு இழுத்து வைத்திருந்தார். நோட்டு மட்டும் போதாது என்ற ஆடிட்டர், அதே தேதிகளில் பாஸ்புக்கில் பணம் எடுத்திருப்பதைக் கண்டதும் சமாதானமானார். வங்கிப் பொறியாளர் கணக்கில் சேர்க்காத அந்த அறைதான் எங்கள் வரியைக் குறைத்தது. தரகுக் கூலியைக் கழித்தால் 71,28,000 ரூபாய். புதிய முறையில் இருவருக்கும் சேர்த்து வரி 7,52,250 ரூபாய். பழைய முறையில் 2001க்கு 100, 2004-05க்கு 113, விற்ற ஆண்டுக்கு 363 என்ற குறியீடுகளை வைத்துப் பார்த்தால் ஒன்பது லட்சம் 32,67,000 ஆகவும், அறைச் செலவு 6,74,602 ஆகவும் உயர்ந்து, மீதியில் 20 சதவீதம் சுமார் 6,37,000 ரூபாய்தான். இரண்டின் மீதும் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி தனி.

தங்கை கோவையில் ஃபிளாட் வாங்குவதால் 1961 வருமானவரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி வரிவிலக்குக் கோருகிறாள். இரண்டாண்டுக்குள் வாங்க வேண்டும், கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் செலவாகாத தொகையை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். வரியை மிச்சப்படுத்தும் கடன் பத்திரங்களில் நானும் பணம் போடலாம்தான், ஆனால் ஐந்தாண்டு பூட்டும் 5.25 சதவீத வட்டியும், அந்த வட்டிக்கும் வரியும் என்றதும் என் வீட்டுக் கடனை அடைப்பதே மேல் என்று தீர்மானித்து, என் பங்கு வரியை மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டிவிட்டேன்.

மதிப்பீட்டாளர், ஆடிட்டர், சான்றுகள், பயணம் எல்லாம் சேர்ந்து 61,000 ரூபாய் ஆயிருந்தது. வரிக்கு முன் எங்கள் இருவருக்கும் ஆன செலவு 2,79,000 ரூபாய். வரியும் கட்டிய பின் என் பங்கில் நின்றது ஏறத்தாழ 31,29,000 ரூபாய்.

பதிவன்று விரல்ரேகை வைக்கும்போது தங்கையின் கட்டைவிரல் கருவியில் நான்கு முறை பதியவில்லை. ஐந்தாம் முறை பதிந்தது. சாவிக் கொத்தை வாங்கியவரிடம் கொடுத்தபோது, மாடி அறைச் சாவி எது என்று அவர் கேட்டார். கொஞ்சம் துருப்பிடித்த அந்தச் சிறிய சாவியைப் பிரித்துக் காட்டினேன்.